ஏகாதசிக்கு மூன்று அறைகள்

ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்கு முன்பே புரோக்கர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார்கள். ஒருவர் ரூம், ரூம் என்பார். ஒருவர் அதையே இந்தியில் கம்ரா, கம்ரா என்பார். இறங்குகிறவர் பையைக் கீழே வைப்பதற்குள் அது யாராவது ஒரு புரோக்கரின் தோளுக்குப் போயிருக்கும். நான் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிற்பேன். கூப்பிட வேண்டும் என்றுதான் போவேன். வாயைத் திறந்தால் காற்று வரும், சொல் வராது.

எங்களுடையது ஆறு அறை லாட்ஜ். கோயிலின் வடக்குப் பக்கம் ஒரு சந்துக்குள் அய்யா, அதாவது எங்கள் அப்பா, கட்டியது. அவர் நான்கு பாஷையில் கூப்பிடுவார். கூப்பிட்டால் ரயிலடியே திரும்பிப் பார்க்கும். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு நடந்தவன். அவர் போனபிறகு லாட்ஜ் என் பொறுப்புக்கு வந்தது, குரல் மட்டும் வரவில்லை. எந்தப் புரோக்கரோடும் போகப் பிடிக்காமல் கடைசியாக நிற்கிறவர்கள் என்னைப் பார்த்து, இங்கே ரூம் கிடைக்குமா என்று தாங்களே கேட்பார்கள். தலையாட்டுவேன். மற்றபடி பழைய குடும்பங்கள் தபால் கார்டு போட்டுவிட்டு வருவார்கள். இப்படியே பதினைந்து வருஷம் ஓடிவிட்டது.

அகலப்பாதை போடுவதற்காகப் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். பஸ்ஸில் வருகிறவர்களை பஸ் ஸ்டாண்டிலேயே பெரிய லாட்ஜ்காரர்கள் மடக்கிக்கொண்டார்கள். எங்கள் ஆறு அறைகளிலும் பூட்டு தொங்கியது. அண்ணன் உச்சிப்புளியிலிருந்து வந்தார். அவருக்கு அங்கே தென்னந்தோப்பு. கட்டடம் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. வந்தவர் காபி குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். சங்குச் சாமான் வியாபாரி ஒருவர் முன்சுவரை இடித்து நான்கு கடை எடுக்கக் கேட்கிறார். ரயில் திரும்ப ஓடட்டும், அதன்பிறகு வருகிற பங்குனியில் வேலையை ஆரம்பிக்கலாம் என்கிறார். அதில் ஒரு கடையை எனக்கே விட்டுக்கொடுக்கவும் சம்மதம்.

சங்குக் கடை என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசலில் நின்று, வாங்க, பாருங்க, சோழி மாலை, வலம்புரி என்று போகிற வருகிற அத்தனை பேரையும் கூப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு ரயிலைக் கூப்பிட முடியாதவனுக்கு அண்ணன் நாள் முழுக்கக் கூப்பிடுகிற வேலையைப் பார்த்து வைத்திருந்தார்.

அந்த வாரம் அபூர்வமாக பஸ்ஸில் வந்து தங்கியிருந்த ஒரு சென்னைக்காரர் கிளம்பும்போது சாவியைக் கொடுத்துக்கொண்டே, உங்கள் லாட்ஜ் நெட்டில் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். வெப்சைட் என்று ஒன்று போட்டால் எந்த ஊரில் இருப்பவரும் வீட்டில் உட்கார்ந்தபடியே உங்கள் அறையைப் பார்க்கலாம், வேண்டும் என்று எழுதி அனுப்பலாம். நான் ஒன்றுதான் கேட்டேன். அவர்களோடு பேச வேண்டுமா? பேசவே வேண்டாம் என்றார்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயைத் திறக்காமல் ஊரெல்லாம் கூப்பிடுகிற ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறது, இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் போனேன்.

அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர். நடத்துகிறவர் கீழக்கரைப் பெண், முப்பது வயதிருக்கும். கணவர் துபாயில். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், வெப்சைட் எல்லாம் செய்து தரப்படும் என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே போனதும் என்ன வேண்டும் என்று கேட்டார். வெப்சைட் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஒரு மணி நேரம் என்று விரலைக் காட்டிவிட்டு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரமும் அந்த நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு கையைத் தொடைமேல் வைத்தபடி இருந்துவிட்டு வீடு திரும்பினேன். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் தடவை அந்தப் பெண்ணே பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, மூணு வாரமா வாரீக. எதையும் தொட மாட்டேங்கிறீக. கண்ணாடின்னு நெனச்சு மொகம் பாக்குறீகளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரயிலடி, புரோக்கர்கள், அண்ணன், சங்குக் கடை. ஒரே ஆளிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. அவர் ஏதோ ஒரு மலை ஊர் ஹோட்டலின் வெப்சைட்டைத் திறந்து காட்டினார். அறை என்ற சொல்லைத் தொட்டால் அறைப் படம் வந்தது. சாப்பாடு என்பதைத் தொட்டால் இட்லி வந்தது. திரும்பத் திரும்பத் தொடச் சொல்லி இட்லியை நாலு தடவை வரவழைத்தேன்.

தங்கச்சி என்று அன்றைக்கே அவரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். கீழக்கரையில் சொந்தக்காரர் ஒருவருக்கு மட்டும்தான் இதற்கு முன் வெப்சைட் செய்திருப்பதாகவும், உங்களுடையது இரண்டாவது என்றும் மறைக்காமல் சொன்னார். பிறகு ஒரு வேலை கொடுத்தார். புதிதாக ஒரு ஆள் உங்கள் வாசலில் வந்து நின்றால் என்னென்ன கேட்பார், அதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள், எந்த வரிசையில் சொல்வீர்கள், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

எழுதுவதற்கு என்னிடம் நோட்டு இல்லை. கிழித்த தினக் காலண்டர் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. யாத்திரைக்காரர்கள் எந்தப் பழைய தேதியைக் கேட்டாலும் திதி சொல்ல வேண்டும் என்பதால் அய்யா காலத்திலிருந்து அவற்றை எறிவதில்லை. அவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். ஒரு தாள் ஒரு பக்கம். ஆறாம் நம்பர் அறை காலியாகத்தானே கிடந்தது. அதன் சுவரில் சோற்றுப் பசையால் தாள்களை ஒட்டினேன். எதைத் தொட்டால் எதற்குப் போக வேண்டும் என்பதற்கு வலை பின்னுகிற நைலான் நூலை ஆணியில் கட்டி இழுத்தேன். அறைகள் என்ற தாளிலிருந்து ஆறு நூல். தீர்த்தமாடும் முறை என்ற தாளிலிருந்து ஒரு நூல். வழி என்ற தாளுக்கு எல்லாத் தாளிலிருந்தும் நூல், ஏனென்றால் எங்கே நின்றாலும் வழி கேட்பார்கள். ஒரு மாதத்தில் அந்த அறைக்குள் குனிந்துதான் நடக்க முடிந்தது.

என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, இதில் சீலா மீன் மாட்டுமா, நெத்திலி மாட்டுமா என்று கேட்டாள். ஆனால் சாயங்காலம் அவளே ஒரு தாளைக் கொண்டுவந்தாள். கடலில் குளித்து, கோயில் தீர்த்தங்களிலும் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஈரத்துணி காயப்போட மாடியில் கொடி இருக்கிறது என்று எழுதவில்லையே என்றாள். பெண்கள் முதலில் கேட்பது அதுதானாம். அந்தத் தாளுக்கும் ஒரு நூல் இழுத்தோம்.

முதல் பக்கத்தை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. நாலு பேரை அழைப்பதென்றால் நான் பார்த்தது கல்யாணப் பத்திரிகை ஒன்றுதான். மேலே பிள்ளையார் சுழி போட்டு, நிகழும் மங்களகரமான என்று தொடங்கி, சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து தங்கிச் செல்லுமாறு கேட்டுக்கொண்டு, கீழே தங்கள் நல்வரவை நாடும் என்று அண்ணன் பெயர், மைத்துனர் பெயர், தாய்மாமன் பெயர் எல்லாம் போட்டிருந்தேன். தங்கச்சி அதைப் படித்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மொய் எங்கே எழுதுவது என்று கேட்டார். ஆனால் நூல் கட்டிய சுவரை நான் படமாக வரைந்து காட்டியபோது சிரிப்பை நிறுத்திவிட்டார். எதைத் தொட்டால் எது வரும் என்று இப்படிப் படம் போடத்தான் ஆறு மாதம் கோர்ஸ் படித்ததாகச் சொன்னார்.

முதல் பக்கத்தில் ஓனர் படம் போட வேண்டும் என்றார். நான் முடியாது என்று எழுந்தே நின்றுவிட்டேன். அதற்குப் பதில் சாவிப் படம் போட்டோம். எங்கள் சாவிகள் ஒவ்வொன்றிலும் வலையில் கட்டுகிற ஆரஞ்சு மிதவை ஒன்று தொங்கும். இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு கடலில் முங்குகிறவர்கள் எத்தனையோ சாவியைத் தொலைத்திருக்கிறார்கள். மிதவை கட்டியபிறகு சாவி தானாக மேலே வந்துவிடும். ஆறு சாவியையும் வரிசையாகத் தொங்கவிட்டு ஸ்டுடியோக்காரரை வைத்து எடுத்த படம் அத்தனை அழகாக வந்தது.

தப்பு நடந்தது கடைசித் தாளில். அறை வேண்டுகிறவர் நிரப்பி ஈமெயிலில் அனுப்புகிற தாள். எனக்கு வருகிற தபால் கார்டுகளைப் பார்த்து அப்படியே அதைச் செய்தேன். கார்டில் என்ன எழுதுவார்கள்? எத்தனை அறை, எத்தனை பேர், எந்தத் திதி. பித்ரு காரியத்துக்கு வருகிறவர்களுக்குத் திதிதான் நாள். ஆகவே மூன்றே கட்டம். தங்கச்சி பேர் கேட்க வேண்டாமா என்றார். வந்ததும் ரிஜிஸ்டரில் எழுதத்தானே போகிறோம் என்றேன். போன் நம்பர் என்றார். நம்பர் கேட்டால் பேச வேண்டிவரும், எங்கள் நம்பரையும் போடாதே என்றேன். தேதி என்றார். திதி இருக்கும்போது தேதி எதற்கு என்றேன். நீங்கள் சொன்னால் சரி என்று அரை மனதோடு செய்தார். அனுப்பியவர் பெயரையும் ஊரையும் கார்டின் மறுபக்கம் சொல்லிவிடுகிறது, எந்த மாதம் என்பதைத் தபால் முத்திரை சொல்லிவிடுகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ரயில் திரும்ப ஓட ஆரம்பித்த ஆவணியில் வெப்சைட்டும் தமிழிலும் இங்கிலீஷிலுமாக ஓட ஆரம்பித்தது. தங்கச்சி ஒரு பட்டனை அழுத்தி, இன்ஷா அல்லாஹ் என்றார். திரையில் என் ஆறு சாவியும் வந்து நின்றன. இது இப்போது பம்பாயிலும் தெரியுமா என்று கேட்டேன். மக்காவிலும் தெரியும் என்றார். பஸ்ஸில் வரும்போது பாம்பன் பாலத்தில் கீழே கடலைப் பார்க்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். இவர்கள் யாராவது பார்த்திருப்பார்களோ என்று.

அண்ணன் கேள்விப்பட்டு வந்தார். கோபப்படவில்லை. கேலியாகத்தான் பேசினார்.

"ஏலே, அமாவாசைக்கு மாட்டுக்கொட்டாயத் தொறந்து வச்சாலும் ஆளு வந்து படுப்பான். அத நான் சேத்துக்கிற மாட்டேன். புரோக்கர் கூட்டிட்டு வராம, கார்டு போடாம, ஒன் கம்ப்யூட்டரப் பாத்து வந்தோம்னு ஒரே ஒரு குடும்பம் வந்து எங்கிட்டச் சொல்லட்டும். பங்குனி பொறக்கிறதுக்குள்ள. சங்குக்காரன நானே திருப்பி அனுப்பிருதேன்."

சரி என்றேன். அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

வாரம் ஒரு தடவை ராமநாதபுரம் போய்ப் பார்த்துவருவேன். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை போயிற்று. மார்கழியில் ஒரு நாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தங்கச்சி ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தார். இங்கிலீஷில் மூன்று வரி. அறை மூன்று. ஆள் ஏழு. தேய்பிறை ஏகாதசி.

அதை வாங்கி எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எந்த மாதத்து ஏகாதசி? யார்? எந்த ஊர்? அனுப்பிய ஈமெயில் முகவரியில் எழுத்தும் நம்பரும் கலந்து ஏதோ இருந்தது. எந்த மாதம் என்று கேட்டு தங்கச்சி உடனே பதில் அனுப்பினார். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. பதில் இல்லை.

அதற்குள் மார்கழித் தேய்பிறை ஏகாதசிக்கு நான்கே நாள்தான் பாக்கி இருந்தது. மூன்று அறையையும் கழுவி, விரிப்பு மாற்றி, காலை ரயிலுக்குப் போனேன். அட்டை ஒன்றில் லாட்ஜ் பெயரை தங்கச்சி எழுதிக்கொடுத்திருந்தார். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். யாரும் வரவில்லை. சாயங்கால ரயிலுக்கும் நின்றேன். யாருமில்லை.

தை மாதத்து ஏகாதசிக்கு நான்கு நாள் கழித்துத் தை அமாவாசை. ஊரில் கால் வைக்க இடமில்லை. மூன்று அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு, கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அட்டையோடு நின்றேன். அன்றும் யாரும் வரவில்லை. புரோக்கர்களில் ஒருவர் என்னைக் கடந்து போகும்போது, என்ன முதலாளி, அட்டையைப் பிடித்தால் ஆள் வந்து ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி அட்டையை வாங்கிப் பார்த்தாள். நான் பிடிக்கிற மாதிரியே நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். பெயரில் பாதியை இத்தனை நேரமும் என் கைதான் மறைத்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"அவுக வந்துருப்பாக. ஒங்களப் பாத்துருப்பாக. நீங்க வாயத் தொறக்கலன்னு வேற எவன் கூடயோ போயிருப்பாக. வரலைன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உண்மைதான். எனக்கு எப்படித் தெரியும்? ஏழு பேராக எத்தனையோ குடும்பம் இறங்கியது. நான் ஒருவரையும் கேட்கவில்லை. அறையைப் பூட்டி வைத்து ஆளைத் திருப்பி அனுப்பிய கதை உச்சிப்புளிக்கும் போய்விட்டது. மாசி ஏகாதசிக்கு நானே வருகிறேன், அது முடிந்ததும் சங்குக்காரரை அளவெடுக்க வரச் சொல்லியிருக்கிறேன் என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். பங்குனிக்கு முன்னால் இருந்தது அந்த ஒரு தேய்பிறை ஏகாதசிதான்.

அன்றைக்கு அட்டையை எடுத்துப்போகவில்லை. மூன்று சாவியை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டேன். அண்ணன் லாட்ஜிலேயே உட்கார்ந்துகொண்டார். ரயில் ஒன்றரை மணி நேரம் லேட். அந்த ஒன்றரை மணி நேரமும் எனக்குள் இருந்தது பயம் மட்டும் இல்லை. அதை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடலில் குதிக்கப் போகிறவன் படகு விளிம்பில் நிற்பது மாதிரி இருந்தது.

ரயில் வந்தது. புரோக்கர்கள் ஓடினார்கள். மூன்று நாளில் சிவராத்திரி என்பதால் எல்லாப் பெட்டியிலும் வடக்கத்தி ஜனம். நான் குழாயை விட்டுப் பிளாட்பாரத்தின் நடுவில் போய் நின்றேன். என்னவென்று கூப்பிடுவது? அவர்கள் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. என்ன பாஷை என்றும் தெரியாது. எனக்கும் அவர்களுக்கும் பொதுவாகத் தெரிந்த சொல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"ஏகாதசி" என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். பக்கத்தில் நின்ற புரோக்கர் திரும்பி, இன்றைக்கு ஏகாதசிதான், அதற்கென்ன இப்போது என்றார். மூன்றாம் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அய்யா கூப்பிடுவது போலவே அடிவயிற்றிலிருந்து வந்தது.

"ஏகாதசி... ஏகாதசி... மூணு ரூம் ஏகாதசி..."

கூலிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். புரோக்கர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது வெட்கமே வரவில்லை. ஒருமுறை வாய் திறந்தபிறகு மூட முடியவில்லை. ரயில் நீளத்துக்கும் நடந்துகொண்டே கூப்பிட்டேன். எட்டாவது பெட்டியோ ஒன்பதாவது பெட்டியோ, வெள்ளைக் காந்தி குல்லா வைத்த ஒரு பெரியவர், ஏற்கெனவே ஒரு புரோக்கர் தோளுக்குப் போயிருந்த தன் பையைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏகாதசி?" என்று, எங்களுடையதா என்பது போலத் தன் நெஞ்சைத் தொட்டுக் கேட்டார். "ஹமாரா?"

பழைய வியாதி திரும்பிவிட்டது. மடியிலிருந்த மூன்று சாவியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். மிதவைகள் ஒன்றோடொன்று மோதி ஆடின. அவருக்குப் பின்னால் நின்ற பெண் கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை வேகவேகமாக எடுத்தாள். கறுப்பு வெள்ளையில் என் ஆறு சாவிகள். எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர்.

வழியெல்லாம் அந்தப் பெண் இங்கிலீஷிலும் இந்தியிலும் சைகையிலும் சொல்லிக்கொண்டு வந்தது எனக்குப் பாதி புரிந்தது. நாகபுரிப் பக்கம். தம்பி தன் ஆபீசிலிருந்து எழுதி அனுப்பியிருக்கிறான். அந்த வேலையை விட்டுவிட்டதால் பதில்களை அவன் பார்க்கவில்லை. சிவராத்திரியோடு வருகிற ஏகாதசி என்பது அவர்களுக்கு அவ்வளவு தெளிவாக இருந்ததால் மாதம் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லையாம். எனக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றாத மாதிரியே.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணிடம் காகிதத்தையும் அண்ணனையும் கையால் காட்டினேன். அவள் காகிதத்தை விரித்து அண்ணனிடம் கொடுத்து, இதைப் பார்த்து வந்தோம் என்று சைகையோடு சிரித்துக்கொண்டே சொன்னாள். அண்ணன் காகிதத்தையும் சுவரில் தொங்கிய மீதி மூன்று சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து பெரியவரின் பையை வாங்கித் தானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வேலையை அவர் அய்யா காலத்தில்கூடச் செய்ததில்லை.

மத்தியானம் சங்குக்காரர் அளவு நாடாவோடு வந்தார். மாடிக் கொடியில் ஏழு பேரின் ஈரத்துணியும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார். திரும்பி வந்தவர் ஆறாம் நம்பர் அறைக் கதவைத் திறந்து, குனிந்து, நூல்களுக்கு நடுவில் நுழைந்தார். கடைசித் தாளுக்குப் பக்கத்தில் போய் மூன்று கட்டங்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுல மாசம்னு ஒரு கட்டம் போடுறா, கூறுகெட்ட பயலே" என்றார்.

மறுநாளே ராமநாதபுரம் போனேன். மாதம், தேதி, பெயர், ஊர் என்று தங்கச்சி கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டே வந்து, போன் நம்பர் என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். போடு என்றேன்.